திருத்துவதா, மாற்றுவதா? – தொலைபேசி கூறும் வரலாறு

வீட்டிலே பயன்படும் கருவியொன்று பழுதடைந்தால் அதனைத் திருத்துவதா, புதியதொன்றை வாங்குவதா என்னும் கேள்வி எழுகின்றது. கருவி மலிவானதாயின் கேள்வி விரைவில் முடிந்துவிடும். பெருவிலை கொடுத்து வாங்கிய கோட்லெஸ் தொலைபேசி, அதாவது வடமில்லாத் தொலைபேசி, பேச்சின் நடுவே ஓய்ந்துவிடுமாயின் மனம் இருதலைக் கொள்ளி எறும்பாகின்றது. திருத்துவோர் கேட்கும் கூலி ஒருபுறம். கடையிலே காட்சிக்கு வைத்த புதிய கருவி மறுபுறம். இதனை நாம் வெறும் வீட்டுக் கணக்காகவே கருதுகின்றோம். ஆயின், இக்கேள்விக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறிந்தால் கணக்கும் ஓரளவு தெளிவாகும். நேயர்களே, அதனையே இன்று சிந்திப்போம்.

அலெக்சாந்தர் கிரகாம் பெல் 1876 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 7 ஆந் திகதி தொலைபேசிக்குரிய ஆக்கவுரிமையைப் பெற்றார். அதன்பின் ஐக்கிய அமெரிக்காவில் வளர்ந்த பெல் நிறுவனம் தொலைபேசிக் கருவியைப் பொதுமக்களுக்கு விற்கவில்லை, வாடகைக்கே கொடுத்தது. கம்பியும் அதனுடையது, இணைப்பு நிலையமும் அதனுடையது, வீட்டு மேசையில் இருந்த கருவியும் அதனுடையதே. பிரித்தானியாவிலே அஞ்சல் திணைக்களம் இவ்வாறே கருவியை வாடகைக்கு அளித்துவந்தது. சந்தாதாரர் பேசலாம், கருவியைத் திறக்கலாகாது. பழுதுபட்டால் நிறுவனத்தின் ஆள் வந்து திருத்துவான். அல்லது வேறொன்றைத் தந்து பழையதை எடுத்துச் செல்வான்.

இவ்வேற்பாட்டின் விளைவு யாது? பழுதின் செலவு முழுவதும் கருவியைச் செய்தவர் தலையிலேயே விழுந்தது. ஆகவே, பழுதாகாத கருவியைச் செய்வது அவர்களுக்கே இலாபமாயிற்று. பெல் நிறுவனத்தின் உற்பத்திப் பகுதியாகிய வெஸ்டேர்ண் எலெக்ரிக், 1937 ஆம் ஆண்டில் 302 ஆம் இலக்கக் கருவியையும், 1950 ஆம் ஆண்டளவில் புகழ்பெற்ற 500 ஆம் இலக்கக் கருவியையும் வெளியிட்டது. ஹென்றி டிறேபஸ் என்னும் வடிவமைப்பாளர் இவற்றுக்கு உருவந் தந்தார். கனத்த அடித்தட்டு, திருகாணியால் பூட்டிய உறுப்புகள், தனித்தனியே கழற்றக்கூடிய மணி, சுழல்தட்டு, ஒலிவாங்கி ஆகியன அவற்றின் அமைப்பு. வீடுகளிலிருந்து திரும்பிவந்த கருவிகள் பட்டறைக்குச் சென்றன, தேய்ந்த உறுப்புகள் மாற்றப்பட்டன, மேலுறை துலக்கப்பட்டது, பின்னர் வேறொரு வீட்டுக்கு அவை அனுப்பப்பட்டன. ஒரே கருவி பல வீடுகளிலே, பல ஆண்டுகள் பணிபுரிந்தது. திருத்துவதா, மாற்றுவதா என்னும் கேள்வி அக்காலத்து இல்லத்தாருக்கு எழவேயில்லை. அது நிறுவனத்தின் கேள்வி; நிறுவனமோ திருத்துவதையே தேர்ந்தெடுத்தது.

இதனைக் கேட்டு அக்காலம் பொற்காலம் என்று எண்ணிவிடலாகாது. அந்த உறுதிக்கு மக்கள் கொடுத்த விலை சிறிதன்று. வாடகை முடிவில்லாமல் தொடர்ந்தது. வேறு கருவியைப் பொருத்தும் உரிமை எவருக்கும் இருக்கவில்லை. பேச்சு அயலவர் காதில் விழாதிருக்கும் பொருட்டு வாய்ப்பகுதியில் மாட்டும் ஹஷ்-எ-போன் என்னும் சிறு மூடியைக்கூட நிறுவனம் தடுத்தது. அவ்வழக்கு நீதிமன்றம் வரை சென்று, 1956 ஆம் ஆண்டில் மூடியைச் செய்தவர் பக்கம் தீர்ந்தது. பின்னர் ரெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த தோமஸ் காட்டர் என்பவர், இருவழி வானொலியையும் தொலைபேசியையும் இணைக்கும் காட்டர்போன் என்னும் கருவியை விற்றார். அதற்கும் தடை எழுந்தது. 1968 ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தொடர்பாடல் ஆணைக்குழு, வலையமைப்புக்குத் தீங்கு செய்யாத எக்கருவியையும் மக்கள் பொருத்தலாம் என்று முடிவு செய்தது. 1984 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி பெல் அமைப்பே பல கூறுகளாகப் பிரிந்தது. தொலைபேசி இல்லத்தாரின் சொந்தப் பொருளாயிற்று.

வடமில்லாத் தொலைபேசி வளர்ந்தது இந்தப் புதிய உரிமையின் நிழலிலேதான். ஜோர்ஜ் சுவைகேட் என்னும் அமெரிக்கர் இத்தகைய கருவிக்கு 1969 ஆம் ஆண்டிலே ஆக்கவுரிமை பெற்றார். 1980களில் அது கடைகளிலே பரவியது. வாடகை ஒழிந்தது, விருப்பம்போல் வாங்கும் சுதந்திரம் வந்தது. ஆனால், அதனோடு மற்றொன்றும் வந்தது. விற்றவருடைய பொறுப்பு உத்தரவாதக் காலத்துடன் முடிந்தது; அதன்பின் நேரும் பழுது வாங்கியவருடையதாயிற்று. பிறருடையதாய் இருந்தபோது ஓயாது திருத்தப்பட்ட கருவி, நம்முடையதானதும் எறியப்படும் பொருளாயிற்று. இம்முரண்பாட்டிலேதான் இன்றைய நமது கேள்வி பிறக்கின்றது.

உற்பத்தியாளர் யாவரும் கூடிச் சதி செய்தனர் என்று கூறுதல் நீதியாகாது. அத்தகைய சதி நடந்ததே இல்லை என்று கூறுவதற்கும் இல்லை. 1924 ஆம் ஆண்டில் ஜெனீவாவிலே மின்குமிழ் உற்பத்தியாளர் பலர் கூடி பீபஸ் என்னும் கூட்டிணைப்பை அமைத்து, குமிழின் ஆயுளை 1,000 மணித்தியாலத்துக்கு மட்டுப்படுத்தியமை வரலாறு அறிந்த செய்தி. ஆயினும், தொலைபேசியைப் பொறுத்தவரையில் பெருங் காரணம் வேறு. இயந்திரங்கள் நுண்ணிய மின்சுற்றுகளை ஆயிரக்கணக்கில் மலிவாக அச்சிடுகின்றன. திருத்துபவனுடைய ஒருமணி நேர உழைப்போ அவ்வாறு மலிவாகவில்லை. புதியது செய்வது இயந்திரத்தின் வேலை. பழுதைக் கண்டுபிடிப்பது மனிதனின் வேலை. இவ்விரண்டின் விலையும் விலகி விலகிச் சென்றமையே பட்டறைகள் பல மூடப்பட்டதற்குக் காரணம் எனலாம்.

மாற்றுவது எப்பொழுதும் வீண்செலவு என்பதும் சரியன்று. முதற்காலத்து வடமில்லாத் தொலைபேசிகள் பேச்சை மறைப்பின்றி வானொலி அலையிலே அனுப்பின. தக்க வானொலிப் பெட்டி வைத்திருந்த அயலவர் அதனைக் கேட்டுவிடக்கூடும். 1986 ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் இவ்வானொலிப் பகுதிக்குப் பாதுகாப்பு அளிக்கவில்லை. 1994 ஆம் ஆண்டிலேதான் அக்குறை நீக்கப்பட்டது. 1990களில் ஐரோப்பாவிலே டெக்ட் என்னும் இலக்கமுறை நியமம் வந்தபின் பேச்சு பெரிதும் காப்புப் பெற்றது. பழைய கருவியை அன்று மாற்றியவர் வெறும் நாகரிகத்துக்காக மாற்றினார் என்று சொல்ல முடியாது.

அப்படியாயின் இன்று முடிவு செய்வது எவ்வாறு? முதலில், பழுது எங்கே உள்ளது என்று அறிதல் வேண்டும். விலையுயர்ந்த தொலைபேசியிலும் முதலில் நலிவது பெரும்பாலும் மிக மலிவான உறுப்பே. மின்னேற்றம் செய்யக்கூடிய மின்கலங்கள் சில ஆண்டுகளில் வலுவிழக்கும். பேச்சு இடையில் அறுந்துபோவதற்கு அதுவே காரணமாயிருக்கலாம். பல கருவிகளிலே ஒவ்வொன்றும் 1.2 வோல்ற்று அளவுள்ள இரு சிறு நிக்கல் மின்கலங்களே உள. அவ்வகை மின்கலத்தையே மீண்டும் இடல் வேண்டும். மின்னேற்றம் செய்யத்தகாத சாதாரண மின்கலத்தை இட்டால் அது கசியும், வெடிக்கவுங் கூடும். தாங்கியிலுள்ள உலோக முனைகள் களிம்பேறியிருந்தால் துடைத்தாலே போதும். பொத்தான்கள் இயங்காவிடின் அவற்றின் அடியிலுள்ள இறப்பர்த் தகட்டைத் துப்புரவு செய்தல் உதவும். மின்சாரம் வழங்கும் சிறுபெட்டி பழுதாயின், அதே அளவுடைய வேறொன்று கிடைக்கும்.

இரண்டாவதாக, கருவி பொது நியமத்துக்கு அமைந்ததா என்று பார்த்தல் வேண்டும். டெக்ட் நியமத்தின் ஒரு பகுதி, ஒரு நிறுவனத்தின் கைப்பகுதியை மற்றொரு நிறுவனத்தின் அடிப்பகுதியோடு சேர்க்க இடந்தருகின்றது. சிறப்பு வசதிகள் சில இயங்காமற் போகலாம், பேசுதல் இயலும். அடிப்பகுதி ஒன்று செத்தால் நல்ல கைப்பகுதியையும் சேர்த்து எறிய வேண்டியதில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அலைவரிசை வேறு என்பதை மாத்திரம் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

மூன்றாவது, கணக்கு. திருத்தக்கூலி புதியதன் விலையிற் பாதியைத் தாண்டினால் மாற்றிவிடு என்பது பலர் கூறும் விதி. அதனிலும் சிறந்தது ஆண்டுக் கணக்கு. புதிய கருவி 30,000 ரூபா, அது ஆறாண்டு உழைக்கும் எனக் கொள்வோம். ஆண்டுக்கு 5,000 ரூபா ஆகின்றது. 6,000 ரூபா கொடுத்துத் திருத்தினால் மேலும் மூன்றாண்டு உழைக்குமாயின் ஆண்டுக்கு 2,000 ரூபாவே. திருத்தியபின் ஆறு மாதமே உழைக்குமாயின் கணக்கு தலைகீழாகும். நீர் புகுந்து உள்ளே அரித்த சுற்றுப்பலகை பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையைச் சேரும்.

இக்கணக்கிலே சேராத செலவொன்றும் உண்டு. 2022 ஆம் ஆண்டில் உலகம் எறிந்த மின்கருவிக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் தொன் என ஐக்கிய நாடுகள் சார்ந்த அறிக்கை கூறுகின்றது. அதிலே முறையாகச் சேகரித்து மீள்பயன் செய்யப்பட்டது நாலில் ஒரு பங்கிலும் குறைவு. இதனை உணர்ந்த ஐரோப்பிய ஒன்றியம், கைத்தொலைபேசிகளோடு வடமில்லாத் தொலைபேசிகளையும் சேர்த்து ஒரு விதியை ஆக்கியது. 2025 ஆம் ஆண்டு யூன் மாதம் 20 ஆந் திகதி முதல் நடைமுறைக்கு வந்த அவ்விதி, விற்பனை நின்றபின்னும் 7 ஆண்டுகள் முக்கிய உதிரிப்பாகங்கள் கிடைத்தல் வேண்டும் என்கின்றது. பழுதின் பொறுப்பிலே ஒரு பகுதி மீண்டும் செய்தவரிடம் செல்கின்றது.

வரலாறு காட்டும் உண்மை இதுவே: பழுதின் செலவு எவரைச் சாருமோ, அவரே கருவியின் உறுதியைப் பற்றிக் கவலைப்படுவர். வாடகைக் காலத்தில் உறுதி இருந்தது, உரிமை இருக்கவில்லை. விற்பனைக் காலத்தில் உரிமை வந்தது, உறுதி தேய்ந்தது. இரண்டையும் ஒருங்கே பெறுவதற்கு வாங்குபவரும் தம் பங்கைச் செய்தல் வேண்டும். அடுத்த தொலைபேசியை வாங்கும்போது விலையை மாத்திரம் கேளாது, மின்கலத்தை மாற்ற முடியுமா, உதிரிப்பாகம் எத்தனை ஆண்டுகள் கிடைக்கும் என்றும் கடைக்காரரைக் கேளுங்கள். திருத்துவதா, மாற்றுவதா என்னும் கேள்விக்குரிய விடையிற் பாதி, கருவி பழுதாகும் நாளிலன்று, அதனை வாங்கும் நாளிலேயே எழுதப்பட்டு விடுகின்றது.