மனாஸ் மகளிர் உதைபந்தாட்டச் சுற்று, 2021

பிரேசிலின் மனாஸ் நகரில் 2021 நவம்பர் 25 முதல் டிசம்பர் 1 வரை நடந்த நான்கு நாட்டு மகளிர் நட்புச் சுற்று. பிரேசில், சிலி, வெனிசுவேலா, இந்தியா ஆகிய தேசிய அணிகள் தலா மூன்று ஆட்டங்கள் ஆடின. மூன்றிலும் வென்ற பிரேசில் கிண்ணத்தை எடுத்தது. மூன்றிலும் தோற்ற இந்தியா கடைசியில் நின்றது. ஆனாலும் இந்தச் சுற்று தென்னாசியாவில் நினைவுகூரப்படுவது அந்தக் கடைசி அணியால்தான். அதற்கு முன் தென்னாசிய அணி எதுவும் இந்தக் கிண்ணத்துக்கு ஆடியதில்லை.

பெண்கள் உதைபந்தாடுவதை 1941இல் சட்டம் போட்டுத் தடுத்த நாடு பிரேசில். தடை விலக 1979 ஆயிற்று. அதே நாட்டில், நட்சத்திர வீராங்கனை மார்த்தாவின் புகழ் உச்சத்தில் இருந்த 2009இல் சாவோ பாவுலோவின் பக்காயெம்பு மைதானத்தில் இந்தச் சுற்று தொடங்கியது. பிறகு பிரேசிலியா, நத்தால், மனாஸ் என்று ஊர் மாறியது. மூன்றும் 2014 ஆண்கள் உலகக் கிண்ணத்துக்காகப் பெருஞ்செலவில் அரங்கம் எழும்பிய நகரங்கள். உலகக் கிண்ணம் முடிந்ததும் அங்கே ஆட்டத்துக்குப் பஞ்சம். பெண்கள் அணிக்கு அரங்கம் கிடைத்ததில் இந்தக் கணக்கும் இருந்திருக்கும். கிண்ணம் பெரும்பாலும் பிரேசிலிடமே தங்கியது. 2010இல் கனடாவும் 2019இல் சிலியும் பறித்துக்கொண்டன.

நட்புச் சுற்று என்றால் பொழுதுபோக்கு என்று எடுத்துக்கொள்வார்கள். பெண்கள் அணிகளைப் பொறுத்தவரை அது தவறு. ஆண்கள் அணிகளுக்குத் தகுதிகாண் ஆட்டங்கள் வரிசையாக வரும்; பெண்கள் அணிகளுக்கு இரண்டு பெரிய தொடர்களுக்கு நடுவே மாதக்கணக்கில் எதுவும் இருக்காது. அந்த வெற்றிடத்தில்தான் 1994இல் போர்த்துக்கலில் அல்கார்வே கிண்ணம் முளைத்தது. அமெரிக்கா அதைப் பத்துத் தடவை வென்றிருக்கிறது. ஆசியாவில் இத்தகைய அழைப்புகள் அரிது. 2019 பெப்ரவரியில் புவனேசுவரத்தில் இந்தியா தானே ஒரு தங்கக் கிண்ணம் நடத்தி ஈரான், நேபாளம், மியான்மார் அணிகளை அழைத்தது. இறுதியாட்டத்தில் மியான்மார் நேபாளத்தை 3-1 என வீழ்த்தியது. இறுதிக்கு வராத இந்தியா சொந்த மண்ணில் வேடிக்கை பார்த்தது.

மனாஸ் பயணத்துக்குக் காரணம் 2022 ஜனவரியில் இந்தியாவில் நடக்கவிருந்த ஆசியக் கிண்ணம். உலகத் தரவரிசையில் 57ஆம் இடத்தில் இருந்த அணிக்கு, பலமான எதிரிகளிடம் அடிவாங்கியாவது பழகட்டும் என்பது பயிற்றுநர் தோமஸ் டென்னர்பியின் எண்ணம்.

முதல் ஆட்டம் பிரேசிலுடன். இலங்கை, இந்திய நேரப்படி 26ஆம் திகதி அதிகாலை. முதல் நிமிடத்திலேயே பிரேசிலின் டெபினியா கோல் போட்டார். கோல் மழைதான் இனி என்று நினைத்தவர்களுக்கு எட்டாவது நிமிடத்தில் பதில் வந்தது: எதிர்த்தாக்குதலில் பந்தோடு பாய்ந்த பஞ்சாப் பெண் மனிஷா கல்யாண் வலைக்குள் அடித்தார். 1-1. இருபது வயது நிறைய அவருக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. இடைவேளையில் பிரேசில் 2-1 என்றுதான் முன்னிலை. பிறகு கால்கள் தளர்ந்தன; முடிவு 6-1.

அந்த இரவு அரங்கம் கூடியது போர்மிகாவுக்காக. ஏழு உலகக் கிண்ணம், ஏழு ஒலிம்பிக் ஆடிய நடுக்கள வீராங்கனை. அவர் பிறந்த 1978இல் பிரேசிலில் பெண்கள் பந்தாடுவது சட்டவிரோதம். 43 வயதில், மாற்று வீராங்கனையாக இறங்கி, தேசிய அணியிடம் விடைபெற்றார்.

அடுத்து சிலியிடம் 0-3, வெனிசுவேலாவிடம் 1-2. மூன்று எண்களையும் வரிசையாகப் பார்த்தால் அணி பாடம் படித்தது தெரியும். படித்ததைக் காட்ட வாய்ப்புத்தான் கிடைக்கவில்லை. ஆசியக் கிண்ணத்தில் ஈரானுடன் 0-0 என முடித்த இந்தியா, கொரோனா பரவலால் ஜனவரி 23 அன்று சீனத் தைப்பேக்கு எதிராகப் பதின்மூன்று பேரைக்கூடச் சேர்க்க முடியாமல் தொடரிலிருந்தே வெளியேறியது.

பலன் பிந்தித்தான் வந்தது. 2024 துருக்கி மகளிர் கிண்ணத்தில் எஸ்தோனியாவை 4-3 என வென்றார்கள். மனிஷா இரண்டு, கடலூரைச் சேர்ந்த தமிழ்நாடு காவல்துறை அதிகாரி இந்துமதி கதிரேசன் ஒன்று. கொசோவோவிடம் மட்டும் தோற்று இரண்டாமிடம். 2025 ஜூலையில் தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் தாய்லாந்தை 2-1 என வீழ்த்தி, 2026 ஆசியக் கிண்ணத்துக்கு ஆடியே தகுதி பெற்றார்கள். இரண்டு கோலும் சங்கீதா பாஸ்போர் போட்டது.

தென்னாசியாவின் இன்னொரு அணியான இலங்கைக்கு வந்தால் கதை வேறு. பள்ளிமுனை, பேசாலை, தலைமன்னார் என்று மன்னார்த் தீவின் கரையோரம் முழுக்க உதைபந்துப் பைத்தியம். ஆனால் பேச்செல்லாம் பெடியன்களின் அணி பற்றித்தான். வடக்கில் பெண்கள் ஆட்டத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி. தேசிய மகளிர் அணி 2012இல் கொழும்பில் நடந்த தெற்காசியக் கிண்ணத்தில் அரையிறுதி வரை போனது. 2023 ஜனவரி முதல் ஓகஸ்ட் வரை இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தைப் பீபா இடைநிறுத்தியபோது, அந்த மாதங்களில் நட்பு ஆட்டத்துக்கும் வழி அடைபட்டது.