மட்டாஞ்சேரியில் தங்கிய சுவையும் தங்காத நூலும்

வைட்டிலா பேருந்து முனையத்தில் இறங்கி மேற்கே மட்டாஞ்சேரிக்கும் கோட்டைக் கொச்சிக்கும் செல்வோர் பலர் நாடுவன மூன்று: பழைய நூல், நல்ல உணவு, ஒரு கோப்பைத் தேநீர். இவற்றுள் நூலின் வரலாறே அங்கு மிகுதியும் மறைந்துள்ளது.

1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானது. மறு ஆண்டே என்றீக்கே என்றீக்கசு அடிகளாரின் ‘கிரீசித்தியானி வணக்கம்’ கொச்சியில், இயேசு சபையாரின் கல்லூரியில், தமிழ் எழுத்தில் அச்சேறியது. 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் கோட்டைக்குள்ளிருந்த கத்தோலிக்கக் கட்டடங்கள் பலவற்றை இடித்தனர். பின்னர் அவர்களின் ஆளுநர் வான் ரீடு, இட்டி அச்சுதன் வைத்தியர் முதலானோரின் மூலிகை அறிவைத் தொகுப்பித்தார். அத்தொகுப்பான ‘ஓர்த்தூசு மலபாரிக்கூசு’ 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில், இலத்தீனில், 12 தொகுதிகளாக வெளிவந்தது. கே. எஸ். மணிலாலின் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு 2003இல் வரும்வரை, அறிவை வழங்கிய மக்களின் வழித்தோன்றல்களுக்கு அது பெரிதும் எட்டாததாகவே இருந்தது.

உணவின் கதை வேறு. கோவாவிலிருந்து வந்த கௌட சாரஸ்வதரும், வணிகத்துக்கு வந்த குசராத்தியரும் கச்சி மேமன்களும் தத்தம் சமையலுடன் இங்கேயே தங்கினர். குசராத்தித் தெருவின் இனிப்பும் காயீஸ் உணவகத்தின் பிரியாணியும் இன்றும் கிடைக்கின்றன. சுவை அன்றாடம் சமைக்கப்படுவதால் ஊரில் நிலைத்தது. நூலோ கப்பலேறிப் போயிற்று. கொச்சியின் தேநீர்க் கடையில் அமரும் தமிழ் மாணவர், தம் மொழி அச்சேறிய பழைய ஊர்களுள் ஒன்றில் அமர்ந்திருப்பதை அறிதல் வேண்டும்.