தோட்டத்திற்குள் ஒரு தோட்டம்

சொல் ஒன்று கடல் கடந்து செல்லும்போது அதன் பொருளும் சில வேளை மாறிவிடுகிறது. ‘தோட்டம்’ என்னும் சொல் அத்தகையது. தமிழகத்தில் பூவும் காயும் கனியும் விளையும் இடத்தையே அது குறித்தது. மலாயாவுக்கு வந்த தமிழருக்கோ, ஆயிரக்கணக்கான ஏக்கரில் ஒரே வகை மரம் நிற்கும் ரப்பர்க் காடே ‘தோட்டம்’ ஆயிற்று. ‘தோட்டத்தில் பிறந்தேன்’ என்று ஒருவர் இந்நாட்டில் கூறினால், அவர் கருதுவது கத்தரிப் பாத்தியை அன்று. எனினும் அப்பெருந்தோட்டத்திற்குள் இன்னொரு சிறு தோட்டமும் இருந்தது. லயத்து வீட்டின் பின்புறத்துக் கொல்லையே அது. சங்க நூல்கள் ‘படப்பை’ என்று வழங்கும் மனைத்தோட்டத்தின் வழித்தோன்றல் என்று அதனைக் கூறலாம். அதன் வரலாற்றை மலாக்கா மாநிலத்தை முன்வைத்துச் சற்று ஆராய்வோம்.

தெங்கேராவும் கஜா பெராங்கும்

மலாக்கா நகரின் வடமேற்கே கடலோரமாக அமைந்தது தெங்கேரா. காப்பரணைக் குறிக்கும் ‘திராங்கெய்ரா’ என்ற போர்த்துகீசியச் சொல்லே இப்பெயருக்கு மூலம் என்பர். மலாக்காவிலேயே பிறந்த எரேடியா என்பார் 1613-இல் இந்நகரைப் பற்றி எழுதிய நூலில், இப்புறநகர்ப் பகுதியில் சோழமண்டலக் கரையினர் வாழ்ந்த குடியிருப்பைக் குறிப்பிடுகிறார். எனவே இங்குத் தமிழர் வாழ்வு ரப்பருக்கு மிக முற்பட்டது.

1641-இல் ஒல்லாந்தர் மலாக்காவைக் கைப்பற்றினர். அவர்கள் காலத்தில் வாணிகம் கைநழுவிய மலாக்காச் செட்டிகள், தெங்கேராவுக்கு அண்மையிலுள்ள கஜா பெராங் பகுதிக்குக் குடிபெயர்ந்தனர். உழவும் தோட்டமும் அவர்களுள் பலருக்குப் பிழைப்பாயின. இன்று அச்சமூகத்தாரின் வீட்டுமொழி மலாய். தமிழ் பெரும்பாலும் கோயிலளவில் நிற்கிறது. ஆயினும் ஆண்டுதோறும் சூன், சூலை மாதங்களில் பழங்கள் பழுத்துக் குலுங்கும் பருவத்தில், முன்னோருக்குக் கனிகளைப் படைத்து வணங்கும் ‘பர்ச்சு’ வழிபாட்டை அவர்கள் விடவில்லை. சனவரியில் பொங்கலையொட்டி ஒரு படையல். பழப் பருவத்தில் மற்றொரு படையல். தாய்மொழி தேய்ந்த பின்னும் விளைச்சலுக்கும் முன்னோருக்கும் உள்ள உறவு தேயவில்லை. சடங்கில் இடம்பெற்ற அறிவு நெடுங்காலம் நிலைக்கும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

பூங்கா கற்பித்தது யாருக்கு?

ரப்பரின் வரலாறே ஒரு பூங்காவில் தொடங்குகிறது. இங்கிலாந்தின் கியூ பூங்காவிலிருந்து 1877-இல் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியற் பூங்காவின் தலைமையை ஏற்ற ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் பால் எடுக்கும் முறையை வகுத்தார். விதைகளைக் கொடுத்து நடுமாறு பலரையும் தூண்டினார். அவர் சொல்லைக் கேட்டு 1896-இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் முதன்முதலாக வாணிக நோக்குடன் ரப்பர் பயிரிட்டவர் டான் சாய் யான் என்னும் சீனச் செல்வர். அடுத்து புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. பொதுப் பூங்கா ஒன்று தோட்ட முதலாளிகளுக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது. அம்முதலாளிகளிடம் வேலைக்கு வந்த தமிழ்த் தொழிலாளிக்கோ அப்படியொரு பள்ளி வாய்க்கவில்லை. அவன் கொல்லைப் பாடத்தைத் தானே கற்க நேர்ந்தது.

கற்க வேண்டியதும் சிறிதன்று. தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களில் பாத்தியைப் பள்ளமாக வெட்டி, பாய்ச்சிய நீரை நிறுத்துவது வழக்கம். ஆண்டு முழுதும் மழை பெய்யும் மலாயாவில் அவ்வாறு செய்தால் வேர் அழுகிவிடும். இங்கே மண்ணை உயர்த்தி மேட்டுப் பாத்தி கட்டி, இடையே வடிகால் விட வேண்டும். காய்கறி பயிரிட்ட சீனர்களின் நிலங்களில் இம்முறையைக் காணலாயிற்று. சாணமும் அடுப்புச் சாம்பலும் எருவாயின. முருங்கைக் கிளையை வெட்டி ஊன்றினால் தளிர்க்கும். கறிவேப்பிலையின் வேரிலிருந்து பக்கக் கன்று எழும். முற்றிய கீரைக் கதிர் ஒன்றை உதிர்த்தால் லயம் முழுவதற்கும் விதை கிடைக்கும். விலை கொடுத்து வாங்காமல் வீட்டுக்கு வீடு கைமாறிச் செல்லக்கூடிய இப்பயிர்களே கொல்லைகளில் பரவின. ஒரு வீட்டார் கன்று கொடுப்பதும், மற்றொரு வீட்டார் நடும் முறையைச் சொல்லிக் கொடுப்பதுமே அக்காலத்துத் தோட்டக்கலை வகுப்பு. அவ்வகுப்பின் ஆசிரியர்கள் பெரும்பாலும் பெண்களே.

பதினாறில் ஒரு பங்கு

கொல்லைக்குச் சட்டத்திலும் ஓர் இடம் இருந்தது என்பது பலரும் அறியாத செய்தி. 1920-களில் மலாயாவில் உருவான தொழிற்சட்டத்தின்படி, குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்கு ஒரு ஏக்கரில் 1/16 பங்கு நிலத்தைப் பயிரிடுவதற்கோ மாடு மேய்ப்பதற்கோ ஒதுக்குமாறு தோட்ட நிருவாகத்துக்குக் கட்டளையிடலாம். கணக்கிட்டால் அது ஏறத்தாழ 2,722 சதுர அடி ஆகும். சென்னைப் பக்கத்தில் ஒரு மனை என்பது 2,400 சதுர அடி. அதைவிடச் சற்றே பெரிது. நான்கைந்து பேர் கொண்ட குடும்பத்துக்குக் கீரையும் காயும் தர இவ்வளவு நிலம் போதும்.

இங்கிலாந்தில் 1908-இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, மக்கள் கேட்டால் பயிர்த்துண்டு வழங்கும் கடமையை ஊராட்சி மன்றங்கள் மீது சுமத்தியது. அங்கே குடிமகன் கேட்கலாம். மன்றம் கொடுத்தாக வேண்டும். மலாயாவிலோ அதிகாரி கட்டளையிட்டால்தான் நிருவாகம் ஒதுக்கும். அந்நிலமும் வேலை உள்ளவரைதான் தொழிலாளியிடம் இருக்கும். வேலை போனால் வீடும் போகும். வீட்டோடு கொல்லையும் போகும். பத்தாண்டு உழைத்துப் பண்படுத்திய மண்ணுக்கு அவன் உரிமையாளன் ஆகவில்லை. இந்தக் குறையே பின்னாளில் பெரும் இழப்பாக விளைந்தது.

பள்ளித் தோட்டம்

பள்ளிகளில் தோட்டக்கலை கற்பிக்கும் முயற்சியும் அக்காலத்தில் நடந்தது. மலாய் ஆசிரியர்களுக்கென 1900-இல் மலாக்காவில் ஒரு பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டது. வின்ஸ்டெட் என்னும் கல்வி அதிகாரி ஜாவா, பிலிப்பைன்ஸ் நாடுகளின் பள்ளிகளைப் பார்வையிட்டு, கைத்தொழிலும் தோட்ட வேலையும் பாடத்தில் இடம்பெற வேண்டும் என்று 1917-இல் பரிந்துரைத்தார். 1922-இல் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிசு கல்லூரி எழுந்தபோது மலாக்காக் கல்லூரி அதனுள் அடங்கியது. தோட்டக்கலையும் அங்கே பாடமாயிற்று. அன்று தமிழாசிரியர்க்கென இத்தகைய கல்லூரி இந்நாட்டில் இல்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று சட்டம் கூறியது. ஆனால் கங்காணியோ கிராணியோ ஒழிந்த நேரத்தில் கற்பித்த பள்ளிகள் பல. அங்கே எழுத்தறிவு கிடைத்ததே பெரிது. ஆகவே தமிழ்ப் பிள்ளை மண்வெட்டிப் பாடத்தைத் தாயிடமே கற்றது.

பஞ்சகாலத் தேர்வு

அப்பாடம் எத்துணைப் பயனுடையது என்பதைச் சப்பானியர் ஆட்சி காட்டியது. 1942 முதல் 1945 வரை அரிசி வரத்துக் குன்றியது. ரப்பருக்கு விலையில்லை, கூலிக்கும் வழியில்லை. ஆடவர் பலர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். எஞ்சிய குடும்பங்களுக்கு மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் கீரையும் சோறாயின. கொல்லை வேலை தெரிந்திருந்தமையால் பிழைத்த உயிர்கள் பல. அரசாங்கமும் இதனைப் பின்னர் உணர்ந்தது. உலகெங்கும் உணவு விலை ஏறிய 1974-இல் துன் அப்துல் ரசாக் ‘பச்சைப் புத்தகத் திட்டம்’ என்பதைத் தொடங்கி, காலி நிலங்களிலும் வீட்டு ஓரங்களிலும் உணவுப் பயிர் வளர்க்குமாறு மக்களை ஊக்கினார்.

நிலம் போயிற்று, அறிவு?

1950-களிலும் 1960-களிலும் வெள்ளையர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. அவ்வீழ்ச்சியைத் தடுக்கவே 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். எனினும் செம்பனையும், பின்னர் வீட்டுமனைத் திட்டங்களும் வந்து லயங்களைக் குறைத்தன. குடும்பங்கள் நகர்ப்புறத்து அடுக்குவீடுகளுக்கு வந்தன. அங்கே கொல்லை இல்லை. கொல்லை இல்லாத வீட்டில் பாட்டியின் அறிவு பேத்திக்குச் செல்ல வழியும் இல்லை. பீர்க்கையையும் புடலையையும் கடையில் மட்டும் காணும் பிள்ளைக்கு ‘பாத்தி’, ‘நாற்று’, ‘பதியம்’, ‘கொழுகொம்பு’ என்பன அகராதிச் சொற்களாகிவிடுகின்றன. நாம் இழப்பது காய்கறி மட்டுமா? ஒரு சொல் தொகுதியையே இழக்கிறோம். தமிழாசிரியர் கவலைப்பட வேண்டிய இடம் இதுதான்.

பொதுத் தோட்டம் என்னும் புதிய வழி

தாய் கற்பித்ததை இனி ஊர் கற்பிக்க வேண்டும். உலகின் பல நகரங்களில் குடியிருப்பாளர் கூடிப் பயிரிடும் பொதுத் தோட்டங்கள் இன்று பெருகி வருகின்றன. சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகம் 2005-இல் இதற்கெனத் தனி இயக்கம் கண்டது. கோலாலம்பூர் பங்சாரில் மின்கம்பித் தடத்தின் கீழிருந்த மேட்டு நிலத்தை 2017 முதல் தொண்டர்கள் திருத்திக் காய்கறி விளைவித்து, விளைந்ததை இல்லாதோர்க்கு வழங்கினர். நகர்ப்புறச் சமூகத் தோட்டங்களுக்கான கொள்கை ஒன்றை மலேசிய அரசு 2021-இல் வெளியிட்டது. இத்தகைய தோட்டங்களில் மூவகைப் பணிகள் நடைபெறுவதுண்டு. தெரிந்தவர் தெரியாதவருக்கு எரு தயாரிப்பும் பதியமிடலும் கற்பிக்கும் வகுப்பு ஒன்று; பிறர் தோட்டங்களைப் பார்த்துவரும் உலா ஒன்று; விடுமுறை நாளில் பலர் கூடிக் களை பிடுங்கும் தொண்டு ஒன்று. இம்மூன்றும் லயத்தில் பெயரில்லாமல் நடந்தவையே. அங்கே அண்டை வீட்டு வேலியருகே நின்று பேசியது வகுப்பு; கன்று கேட்டுச் சென்றது உலா; பிள்ளை பெற்ற வீட்டாரின் பாத்திக்கு நீர் ஊற்றியது தொண்டு.

வரலாறு தரும் எச்சரிக்கை ஒன்றுண்டு. உரிமையில்லாத நிலத்தில் எழும் தோட்டம் நிலைக்காது. லயத்துக் கொல்லை அழிந்தது உழைப்புக் குறையால் அன்று. உரிமைச் சீட்டு இல்லாமையால். ஆகவே பொதுத் தோட்டம் அமைப்போர், நகராண்மையிடமோ பள்ளி வாரியத்திடமோ நில அனுமதியை எழுத்தில், ஆண்டு வரையறையுடன் பெறுவது முதற்கடமை. மண்வெட்டி எடுப்பது அதற்கு அடுத்த வேலை.

மலாக்கா மாநிலத்தில் இன்று தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. லயத்தில் வாழ்ந்து கொல்லை வைத்த மூதாட்டியரும் இன்னும் உள்ளனர். இவ்விரண்டையும் இணைப்பது அரிய செயல் அன்று. பள்ளி வளாகத்தில் பாத்தி நான்கு போதும். வாரம் ஒருமுறை பாட்டி ஒருவர் வந்து சொல்லட்டும்; மாணவர் நட்டு வளர்த்து, அவர் சொல்லும் பயிர்ப் பெயர்களையும் தொழிற்சொற்களையும் ஏட்டில் குறிக்கட்டும். செட்டிகளின் பழப் படையல்போலப் பள்ளியிலும் ஆண்டுக்கு ஒரு விளைச்சல் நாள் அமையட்டும். ‘தோட்டம்’ என்ற சொல் மலாக்காவின் பிள்ளைகளிடம் தன் பழம்பொருளை மீண்டும் பெறும்.