சான்றாக ஒரு பாராட்டு மலர்: அலெக்சாண்டர் ஷல்கினை முன்வைத்துச் சில பதிப்பு நெறிகள்

அறிஞர் ஒருவரின் அறுபதாம் அகவையையோ எண்பதாம் அகவையையோ ஒட்டி, நண்பர்களும் மாணவர்களும் எழுதித் தொகுக்கும் மலர் தமிழ்ப் புலமை உலகுக்கு நன்கு பழகிய வடிவம். ஜெர்மன் பல்கலைக்கழகங்களிலும் இதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட மரபு உண்டு. ஆயினும் வரலாறு எழுதுவோர் இத்தகைய மலர்களை ஐயத்தோடுதான் புரட்டுகிறார்கள். வாழ்த்தும் நினைவும் கலந்த பக்கங்களில் உறுதியான செய்தி கிடைப்பது அரிது என்பது அவர்கள் அனுபவம்.

உணர்வுநிலையை மாற்றும் சைக்கடெலிக் பொருள்களின் வேதியியலுக்கு அந்தப் பொதுவிதி பொருந்தாது. இத்துறையின் முன்னோடிகளில் ஒருவரான அமெரிக்க வேதியியலர் அலெக்சாண்டர் ஷல்கினைப் பற்றி (1925–2014) அறிய வேண்டியவற்றில் பெரும்பங்கு அவருடன் பழகியவர்களின் நினைவிலும் கடிதங்களிலும் தங்கியிருக்கிறது. ஆகவே பலர் கூடி எழுதும் மலர் இங்கே முதல்நிலைச் சான்றாகும் தகுதி பெறுகிறது. அத்தகுதி தானாக வராது, தொகுப்பு நெறியால்தான் வரும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நினைவைச் சார்ந்த ஒரு துறை

ஷல்கின் கலிபோர்னியாவின் பெர்க்லியில் பிறந்தவர். அங்குள்ள பல்கலைக்கழகத்திலேயே உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றார். டவ் கெமிக்கல் நிறுவனத்தில் பணியாற்றியபோது செக்ட்ரான் என்னும் பூச்சிக்கொல்லியை உருவாக்கினார். அந்த வெற்றிக்குப் பின், விரும்பிய ஆய்வைத் தொடர நிறுவனம் அவருக்கு இடம் கொடுத்தது. 1960இல் மெஸ்கலின் என்னும் சைக்கடெலிக் பொருளை உட்கொண்ட அனுபவம் அவர் வாழ்வின் திசையை மாற்றியது. 1966இல் வேலையை விட்டு விலகி, லஃபாயெட்டில் தம் வீட்டை ஒட்டியே சிறிய ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டார்.

காலமும் அவருக்கு எதிராக இருந்தது. 1970இல் அமெரிக்கா இயற்றிய கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள் சட்டம் எல்எஸ்டி, மெஸ்கலின், சைலோசைபின் ஆகியவற்றை மிகக் கடுமையான முதல் அட்டவணையில் சேர்த்தது. மனிதர்களிடம் செய்யப்பட்ட ஆய்வுகள் ஏறத்தாழ நின்றுபோயின. ஷல்கின் ஆய்விதழ்களில் நிறைய எழுதினார் என்பது உண்மை. ஆனால் புதிய சேர்மங்கள் மனத்தில் என்ன செய்கின்றன என்பதை அவரும் மனைவி ஆனும் ஒரு சிறு நண்பர் குழுவும் தாமே உட்கொண்டு, கூட்டல் குறிகளாலான ஓர் அளவுகோலில் பதிந்தார்கள். அப்பதிவுகள் 1991இல் பிக்கல், 1997இல் டிக்கல் என்னும் இரு நூல்களாக வெளிவந்தன. முதல் நூலில் 179 சேர்மங்கள், இரண்டாவதில் 55. இந்த அறிவு ஒருவர் மூளையில் மட்டும் விளைந்ததன்று, ஒரு குழுவின் உடல்களில் விளைந்தது. அக்குழுவினர் பேசாத வரை ஆய்வு முறையின் பாதி இருளில்தான் இருக்கும்.

விழா மேடையும் கண்டுபிடிப்பின் கதையும்

பாராட்டு நிகழ்வுகள் வரலாற்றைப் பதிவதோடு நிற்பதில்லை, சில வேளை அதை உருவாக்கவும் செய்கின்றன. வேதியியலிலேயே இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. பென்சீனின் வளைய அமைப்பை 1865இல் முன்மொழிந்தவர் அகஸ்ட் கெக்குலே. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1890இல் பெர்லினில் அவருக்கு எடுத்த விழாவில்தான், தன் வாலைத் தானே கவ்விய பாம்பைக் கனவில் கண்டதாக அவர் சொன்னார். இன்று பாடநூல்கள் மீண்டும் மீண்டும் சொல்லும் அக்கதைக்கு நம் கையிலுள்ள முதன்மை ஆதாரம் அந்த விழா உரைதான். 1980களில் வேதியியலர் ஜான் வோட்டிஸ் முதலியோர் அதன் உண்மையை ஐயுற்றனர். வேறு சிலர் அதற்காக வாதாடினர். கால் நூற்றாண்டு இடைவெளியில் நினைவு எவ்வளவு மாறியிருக்கும் என்று அறுதியிட்டுச் சொல்ல அவர்களிடம் வேறு தாள் இல்லை.

எல்எஸ்டியைக் கண்டறிந்த ஆல்பர்ட் ஹாஃப்மன் (1906–2008) கதை இதற்கு மாறானது. 1943 ஏப்ரல் 19 அன்று அவர் 250 மைக்ரோகிராம் எல்எஸ்டி உட்கொண்டு, பாஸலின் சாண்டோஸ் ஆய்வுக்கூடத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பினார். அன்றைய குறிப்பேட்டில் அவரால் எழுத முடிந்தவை சில வரிகளே. மற்றதைப் பின்னர் எழுதினார். எது உடனடிப் பதிவு, எது பின்னைய நினைவு என்று இங்கே நம்மால் பிரித்துப் பார்க்க முடிகிறது. அந்தப் பிரிவினையை ஒரு மலர் காக்கவும் கூடும், கலைத்துவிடவும் கூடும். 1985 முதல் அமெரிக்காவில் ஏப்ரல் 19ஐச் சைக்கிள் நாளாகக் கொண்டாடத் தொடங்கினார்கள். கொண்டாட்டத்தில் ஹாஃப்மன் தனியே மிதிக்கிறார். உடன் வந்த ஆய்வு உதவியாளர் சூசி ராம்ஸ்டைன் பெரும்பாலும் காணாமல் போகிறார். பின்னர் அவரும் தாமாக முன்வந்து எல்எஸ்டி உட்கொண்டார் என்ற செய்தியும் அவரோடு மறைந்துவிடுகிறது.

இதிலிருந்து முதல் நெறி கிடைக்கிறது. ஒவ்வொரு நினைவுக் கட்டுரையிலும் நிகழ்ச்சி நடந்த ஆண்டையும் எழுதப்பட்ட ஆண்டையும் தனித்தனியே குறிக்க வேண்டும். குறிப்பேடோ கடிதமோ ஒளிப்படமோ இருந்தால், அது நினைவின் பக்கத்திலேயே அச்சாக வேண்டும். ஷல்கினின் குறிப்பேட்டுப் பக்கங்கள் படியெடுக்கப்பட்டுப் பொதுவில் கிடைப்பதால் இது எளிதில் நிறைவேறக்கூடியதே.

யாரை எழுத அழைப்பது

இரண்டாம் நெறி, பெருமையைப் பங்கிட்டுத் தருவது. எம்டிஎம்ஏ என்னும் சேர்மத்தைக் கண்டுபிடித்தவர் ஷல்கின் என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. ஜெர்மனியின் மெர்க் நிறுவனம் 1912இலேயே அதற்குக் காப்புரிமை கோரியது. அதை ஆக்கியவர் ஆன்டன் கோலிஷ். ஷல்கின் செய்தது வேறு. 1970களின் நடுவில் அவர் அதை மீண்டும் ஆக்கி உட்கொண்டு பார்த்தார். 1978இல் டேவிட் நிக்கல்ஸுடன் சேர்ந்து மனிதரிடம் அதன் விளைவை எழுதினார். ஓக்லண்டைச் சேர்ந்த உளச்சிகிச்சையாளர் லியோ செஃப்பிடம் அதைக் கொடுத்தார். ஓய்வுபெறவிருந்த செஃப் அதன்பின் பல சிகிச்சையாளர்களுக்கு அதைக் கற்பித்தார். இச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் அதை அறிந்தவரே எழுதினால், மையத்தில் நிற்பவரின் பங்கு குறையாது, துலங்கும்.

அழைப்புப் பட்டியலில் வேதியியலரும் சிகிச்சையாளரும் மட்டும் போதாது. ஷல்கினுக்கு அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்பு முகமையோடு நீண்ட உறவு இருந்தது. அவர் உரிமத்தோடு ஆய்வு செய்தார், நீதிமன்றங்களில் வல்லுநராகச் சாட்சி சொன்னார், 1988இல் போதைப்பொருள் சட்டங்களைப் பற்றிய கையேடு எழுதினார். 1994இல் அதே முகமை அவர் ஆய்வுக்கூடத்தில் சோதனை நடத்தியது. ஷல்கின் 25,000 டாலர் அபராதம் செலுத்தி, உரிமத்தையும் ஒப்படைத்தார். இந்த உறவை அவர் நண்பர்கள் மட்டுமே எழுதினால் அது துன்புறுத்தல் கதையாகச் சுருங்கிவிடும். அலுவலர் ஒருவரும் எழுத வேண்டும்.

ஹாஃப்மன் வழியில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அவர் 1958இல் சைலோசைபினைப் பிரித்தெடுத்தது மெக்சிகோவின் மசாட்டெக் மக்கள் சடங்குகளில் பயன்படுத்திய காளான்களிலிருந்து. அச்சடங்கை வெளியாருக்குத் திறந்துகாட்டிய மரியா சபீனாவின் ஊருக்குப் பின்னர் அந்நியர் கூட்டம் திரண்டது. அவர் வீடு எரிக்கப்பட்டது. வேதியியலரின் புகழில் பங்குள்ள மக்களுக்கு மலரில் கட்டுரை இல்லையென்றால் அது முழுமையான மலராகாது.

பெயரும் ஒப்புதலும்

சட்டம் தடுத்த செயலைப் பற்றி எழுதச் சொல்லும்போது பதிப்பாசிரியர் பிறரது பாதுகாப்புக்குப் பொறுப்பேற்கிறார். பிக்கலில் நண்பர் குழுவினர் மாற்றுப் பெயர்களில்தான் வருகிறார்கள். இதற்குச் சிறந்த முன்மாதிரி லியோ செஃப்பைப் பற்றி மைரன் ஸ்டோலரோஃப் வெளியிட்ட நூல். செஃப் மறைந்தது 1988இல். 1997இல் வந்த முதற்பதிப்பு அவர் பெயரை மறைத்தே பேசியது. குடும்பத்தின் இசைவு கிடைத்த பிறகு, 2004இல் வந்த பதிப்புதான் பெயரை வெளியிட்டது. உண்மையைத் திரிக்காமல் காலம் தாழ்த்தி வெளியிடுவது எப்படி என்பதை இது காட்டுகிறது. மலரில் அச்சிட முடியாத சான்றை அழிக்காமல், இத்தனை ஆண்டுக்குப் பின் திறக்கலாம் என்ற நிபந்தனையோடு ஒரு காப்பகத்தில் வைக்க முடியும்.

தீங்கின் பக்கங்கள்

பெரும்பாலான மலர்கள் தவிர்ப்பது தீங்கின் கதையைத்தான். 1960களின் தொடக்கத்தில் ஷல்கின் ஆக்கிய டிஓஎம் என்னும் சேர்மம், 1967இல் எஸ்டிபி என்ற பெயரில் சான் பிரான்சிஸ்கோ தெருக்களில் இறங்கியது. மாத்திரைகளில் அளவு மிக அதிகம். விளைவு மெதுவாகத் தொடங்குவதால், வேலை செய்யவில்லை என்றெண்ணிச் சிலர் மேலும் விழுங்கினார்கள். பலர் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. இதை எழுதுவது ஷல்கினை இழிவுபடுத்துவதாகாது. ஆய்வுக்கூடத்தில் கவனமாக அளக்கப்பட்ட ஒரு பொருள், அளவு தெரியாத கைகளுக்குப் போனால் என்ன ஆகும் என்பதும் அவர் துறை சார்ந்த அறிவே. வெளிப்படையாக வெளியிடுவதையே கொள்கையாகக் கொண்ட ஒருவரைப் போற்றும் நூல் தன் பக்கங்களில் எதையும் மறைக்கலாகாது.

இன்றைய நிலையும் இதையே கேட்கிறது. 2024 ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலுக்கு எம்டிஎம்ஏ சிகிச்சையை ஏற்க மறுத்தது. சோதனைகளில் எது பதிவானது, எது விடுபட்டது என்ற கேள்வி அந்த விவாதத்தில் முக்கிய இடம் பெற்றது. நினைவுகூரக்கூடியவர்களும் குறைந்துவருகிறார்கள்: ஆன் ஷல்கின் 2022இல் மறைந்தார். 1987இல் சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஷல்கின் நடத்திய வகுப்புகள் நூல் வடிவம் பெற 2021 வரை ஆனது. எனவே இப்போது ஒரு கூட்டு மலரைத் தொடங்குவோர் கட்டுரை கேட்பதற்கு முன் ஒரு வினாப்பட்டியலை அனுப்புவது நல்லது. எப்போது நடந்தது, யார் உடனிருந்தார்கள், அந்தக் காலத்துத் தாள் ஏதும் உண்டா, யாரிடம் ஒப்புதல் பெற வேண்டும், தவறாகப் போனது எது என்ற ஐந்து கேள்விகள் அதில் இருந்தால் போதும். விடைகளின் மூலப்படிகளை நூல் அச்சேறும் நாளிலேயே ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் சேர்த்துவிடலாம்.