ஆவணங்களில் பிறழ்வு கண்டறிதல்: குடிக்கணக்கிலிருந்து கணினி வரை

பெருந்தொகையான பதிவுகளுள் மற்றவற்றோடு பொருந்தாதவற்றைத் தானாகப் பிரித்துக் காட்டும் முறை பிறழ்வு கண்டறிதல் எனப்படும். வங்கிக் கணக்கு, வாக்காளர் பட்டியல், ஓய்வூதியப் பதிவு, செயற்கைக்கோள் அளவீடு என இன்று இது பயன்படாத துறை இல்லை. கணினியோடு பிறந்த நுட்பமாக இதைக் கருதுவோர் பலர். ஆனால் இதன் அடிப்படைக் கேள்வி, கையால் எழுதிய பேரேடுகளின் காலத்திலேயே எழுந்துவிட்டது. பொருந்தாத பதிவு பிழையா, அல்லது நாம் எதிர்பாராத உண்மையா என்பதே அக்கேள்வி.

வயதுக் கணக்கில் தென்பட்ட பிறழ்வு

தொடுவெட்டி என்று முன்னாளில் அழைக்கப்பட்ட மார்த்தாண்டம், திருவிதாங்கூரின் தென்பகுதியில் இருந்த ஊர். 1956 நவம்பர் 1 அன்றே இப்பகுதி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. திருவிதாங்கூரில் 1875இல் வி. நாகம் அய்யாவின் பொறுப்பில் மக்கள் தொகை முறையாகக் கணக்கெடுக்கப்பட்டது. அதன்படி மக்கள் தொகை 23,11,379.

அக்காலத்தில் பிறந்த நாளை எழுதிவைத்தவர் சிலரே. வயது கேட்டால் "நாற்பது இருக்கும்", "நாற்பத்தைந்து இருக்கும்" என்பதே பெரும்பாலோர் விடை. இதனால் இந்தியக் குடிக்கணக்கு அட்டவணைகளில் 0, 5 ஆகிய இலக்கங்களில் முடியும் வயதுகளில் ஆட்கள் குவிந்தனர். 39, 41 போன்ற வயதுகளில் குறைந்தனர்.

இக்குவிதலை அளக்கும் வழிகளுள் ஒன்று, அமெரிக்கரான ஜார்ஜ் விப்பிளின் பெயரால் வழங்கும் குறியெண். 23 முதல் 62 வயது வரை உள்ளவர்களில் 0 அல்லது 5இல் முடியும் வயதினரை எண்ணி, அத்தொகையை மொத்தத்தின் ஐந்தில் ஒரு பங்கால் வகுத்து, 100ஆல் பெருக்க வேண்டும். குவிதலே இல்லையெனில் விடை 100. எல்லோரும் அவ்வயதுகளையே சொல்லியிருந்தால் 500. ஒரு பேரேட்டை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை இந்த எண் காட்டும். ஆனால் எந்த வரி தவறு என்பதைக் காட்டாது.

மகலனோபிசின் பங்கு

தனித்த பதிவுகளைச் சோதிப்பதில் பெரும் பங்காற்றியவர், 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய பி. சி. மகலனோபிசு. வங்காள மக்களின் உடலளவுகளை எச். எச். ரிசுலி 1891இல் வெளியிட்டிருந்தார். அவற்றை ஆராய்ந்த மகலனோபிசு, அச்சான எண்களில் பல முரண்களைக் கண்டார். அளவுகளை ஒன்றோடொன்று ஒத்துப்பார்த்துத் திருத்தி, 1933இல் அத்திருத்தங்களைச் 'சாங்கியா' இதழில் வெளியிட்டார். பொருந்தாத எண்களை அவர் வெறுமனே நீக்கிவிடவில்லை. அவை எப்படித் தவறாயின என்று தேடினார்.

1936இல் அவர் வெளியிட்ட 'பொதுமைப்படுத்திய தொலைவு' இன்று மகலனோபிசு தொலைவு எனப்படுகிறது. மக்கட் குழுக்களுக்கு இடையேயுள்ள வேறுபாட்டை அளக்கவே அவர் இதை உருவாக்கினார். பின்னாளில் இது பிறழ்வு காணும் கருவியும் ஆயிற்று. 180 செ.மீ. உயரம் அரிதன்று; 40 கிலோ எடையும் அரிதன்று. இரண்டும் ஒரே ஆளின் பெயரில் எழுதப்பட்டிருந்தால் ஐயம் எழும். தனித்தனியே பார்த்தால் தப்பிவிடும் இத்தகைய பதிவை, அளவுகளுக்கு இடையேயுள்ள உறவையும் சேர்த்துக் கணக்கிடும் இத்தொலைவு பிடித்துவிடுகிறது.

விதிகள் கணினியில் ஏறிய காலம்

பதிவுகளைச் சோதிக்கும் பணி கணினிக்கு மாறியபோது, அதற்கு முறையான கோட்பாடு தேவைப்பட்டது. கனடாவின் புள்ளியியல் துறையைச் சேர்ந்த இவான் பெல்லெகியும் டி. ஹோல்ட்டும் 1976இல் அதை அளித்தனர். பொருந்தாத சேர்க்கைகளை விதிகளாக எழுதிவிட்டால், விதி மீறிய பதிவைக் கணினி கண்டுபிடித்து, இயன்றவரை குறைந்த விவரங்களை மட்டும் மாற்றிச் சரிசெய்யும்.

இத்தகைய விதிகள் எழுதப்படும் காலத்தையும் இடத்தையும் சார்ந்தவை. '15 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் மணமானவராக இருக்க முடியாது' என்பது இன்று இயல்பான விதி. பழைய இந்தியக் குடிக்கணக்குகளிலோ மணமான சிறுமியர் பெருந்தொகையாக இடம்பெற்றனர். அது எழுத்தர் பிழையன்று, உண்மை. 1929ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்துக்கு முந்தைய விவாதங்களில் அவ்வெண்களே சான்றாக எடுத்தாளப்பட்டன. அன்று ஒரு கணினி இருந்து இவ்விதியால் அவற்றைத் 'திருத்தி'யிருந்தால், அச்சான்று அழிந்திருக்கும்.

ஓசோன் தந்த பாடம்

1985இல் ஜோசப் பார்மன் முதலிய பிரித்தானிய ஆய்வாளர்கள், அண்டார்க்டிகாவின் மேல் ஓசோன் கடுமையாகக் குறைந்திருப்பதை அறிவித்தனர். 1978இல் ஏவப்பட்ட நாசாவின் நிம்பசு-7 செயற்கைக்கோளும் அக்குறைவை அளந்திருந்தது. ஆனால் 180 தாப்சன் அலகுக்குக் கீழ்ப்பட்ட அளவுகள் நடக்கக்கூடாதவை என்று கருதி, அவற்றுக்கு ஐயக்குறி இடுமாறு நிரல் எழுதப்பட்டிருந்தது. நல்வாய்ப்பாக, குறியிட்ட பதிவுகள் அழிக்கப்படவில்லை. பவன் பார்த்தியா உள்ளிட்ட நாசா அறிவியலாளர்கள் அவற்றை மீண்டும் ஆராய்ந்து, குறைவு உண்மையே என்று உறுதிசெய்தனர்.

பெயர்ப் பட்டியல்களில் இன்று

இரட்டைப் பதிவுகளைத் தேடும் நிரல்கள் பெயர், தந்தை பெயர், வயது ஆகியவற்றை ஒப்பிடுகின்றன. மார்த்தாண்டம் வட்டாரத்தில் இது எளிதன்று. பழைய ஆவணங்கள் பல மலையாளத்தில் உள்ளன. பின்னர் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர்கள் எழுதப்பட்டன. ஒருவருடைய பெயரே மூன்று வகையாக எழுதப்பட, அவர் மூவராகத் தோன்றலாம். குடும்பப் பெயருக்குப் பதில் முதலெழுத்து மட்டுமே எழுதும் வழக்கத்தால், வெவ்வேறு விளைகளில் வாழும் இருவர் ஒருவராகவும் தோன்றலாம். முந்தைய பிழையால் பட்டியல் வீங்கும். பிந்தைய பிழையால் ஒருவர் வாக்குரிமையை இழக்க நேரும்.

இதற்குச் சட்டம் ஒரு காப்பு வைத்துள்ளது. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி, இறப்பு தவிர்ந்த காரணங்களால் ஒரு பெயரை நீக்குமுன், உரியவர் தம் தரப்பைச் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும். நிரல் இடும் குறி அந்த விசாரணைக்குத் தொடக்கமாகலாம். அதுவே முடிவாகிவிட முடியாது. ரிசுலியின் எண்களை மகலனோபிசு ஆராய்ந்த முறையும், நிம்பசு பதிவுகளை நாசா மீட்ட முறையும் இதையே காட்டுகின்றன.