இருமலில் குருதி, சிறுநீரிலும் குருதி: சில மணி நேரத்தில் விடை தரும் பரிசோதனை

இருமும்போது குருதி வருகிறது. சில நாட்களில் சிறுநீர் தேநீர்ச் சாயம் போல் மாறி, அதன் அளவும் குறைகிறது. வடக்கு, கிழக்கில் ஒருவர் இந்த நிலையில் வைத்தியசாலைக்கு வந்தால் முதலில் எலிக்காய்ச்சலையோ காசநோயையோ சந்தேகிப்பார்கள். அது நியாயமானதே. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் உயிர்களைப் பறித்த எலிக்காய்ச்சல், சிறுநீரகத்தையும் நுரையீரலையும் ஒருசேரத் தாக்கக்கூடியது. ஆனால் கிருமி எதுவும் இல்லாமல், உடலின் நோயெதிர்ப்புத் தொகுதியே இந்த இரு உறுப்புகளையும் அழிக்கும் நோய்களும் உள்ளன.

இவற்றில் ஒன்றை அமெரிக்க நோயியலாளர் ஏர்னெஸ்ட் குட்பாஸ்ச்சர் 1919இல் விபரித்தார். 1958இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் அதற்கு அவரது பெயரையே சூட்டினர். சிறுநீரக வடிகட்டிகளிலும் நுரையீரலின் காற்றறைகளிலும் இருக்கும் மெல்லிய அடித்தள மென்சவ்வைப் பிறபொருளெதிரிகள் தாக்குவதே இந்நோய். மிக அரிது, பத்து இலட்சம் பேரில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒருவர். அதைவிடக் கூடுதலாகக் காணப்படுவது ‘அன்கா’ வகைக் குருதிக்கலன் அழற்சி. இதில் பிறபொருளெதிரிகளின் இலக்கு, வெண்குருதிக் கலங்களில் உள்ள பிஆர்3, எம்பிஓ ஆகிய புரதங்கள். சேதமடைபவை நுண்ணிய குருதிக்கலன்கள். ஒரே நோயாளியில் இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு.

வழமையான எலைசா பரிசோதனையைப் பல ஆய்வுகூடங்கள் மாதிரிகள் போதியளவு சேர்ந்த பின்னரே செய்கின்றன. அதனால் முடிவு வர நாட்கள் ஆகலாம். விரைவுப் பரிசோதனையில் காத்திருப்பு இல்லை. ஒரு சிறு பட்டியில் மேற்சொன்ன இரு புரதங்களும் அடித்தள மென்சவ்வின் புரதமும் தனித்தனியே பதிக்கப்பட்டிருக்கும். நோயாளியின் குருதிச் சீரத்தை அதில் இட்டால், பிறபொருளெதிரி உரிய இடத்தில் ஒட்டிக்கொள்ளும். பின்னர் சேர்க்கும் பதார்த்தம் அந்த இடத்தில் நிறத்தைக் காட்டும். ஒரே நாளில், பெரும்பாலும் சில மணி நேரத்தில் விடை தெரிந்துவிடும்.

அந்தச் சில நாட்களின் பெறுமதி என்ன? குட்பாஸ்ச்சர் நோயாளர் 71 பேரைப் பற்றி லண்டனிலிருந்து 2001இல் வெளியான ஆய்வு அதைக் காட்டியது. கிரியற்றினின் 500 மைக்ரோமோலுக்குக் குறைவாக இருக்கும்போதே சிகிச்சை தொடங்கியவர்களில், ஓராண்டின் பின்னர் 95 வீதமானோரின் சிறுநீரகம் இயங்கியது. வந்தபோதே டயலிசிஸ் தேவைப்பட்டவர்களில் அது 8 வீதம் மட்டுமே. பிளாஸ்மா மாற்றீடு, பிரெட்னிசலோன், சைக்ளோபொஸ்பமைட் ஆகியவையே சிகிச்சை. இவை நோயெதிர்ப்பை அடக்குபவை என்பதால், காசநோய் உள்ளவருக்குத் தவறுதலாகக் கொடுத்தால் ஆபத்து. ஊகத்தில் தொடங்கக் கூடிய வைத்தியம் அல்ல இது.

பட்டியின் நிறத்தை மட்டும் நம்பவும் முடியாது. காசநோயிலும் இதய உட்சவ்வுத் தொற்றிலும் சில மருந்துகளாலும் அன்கா நேர்மறையாகக் காட்டலாம். நோய் இருந்தும் எதிர்மறையாக வருவோரும் உளர். எனவே எலைசாவால் உறுதிப்படுத்துவார்கள். முடிந்தால் சிறுநீரகத் திசுப் பரிசோதனையும் செய்வார்கள். நோயாளி மோசமான நிலையில் இருந்தால் அதுவரை சிகிச்சையை நிறுத்தி வைப்பதில்லை.

வடமத்திய மாகாணத்திலும் வவுனியாவிலும் விவசாயிகளைப் பாதிக்கும் சிறுநீரக நோயுடன் இதைக் குழப்ப வேண்டாம். அது ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்வது. இது வாரங்களில் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். இந்தப் பட்டி எல்லா இடத்திலும் கிடைக்காது. ஆனால் சிறுநீர்ப் பரிசோதனையும் கிரியற்றினினும் சாதாரணமாகச் செய்யப்படுபவை. சிறுநீரில் குருதியும் புரதமும் தெரிந்து, கிரியற்றினின் சில நாட்களிலேயே உயர்ந்தால், சிறுநீரக வைத்திய நிபுணரிடம் அனுப்பும்படி அன்றே கேளுங்கள். பழைய கிரியற்றினின் அறிக்கைகள் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். எவ்வளவு வேகமாக உயர்ந்தது என்பதை அவற்றை வைத்தே கணிப்பார்கள்.