உரிமப் பத்திரமும் உஷ்ணமேறும் உலகமும்

1983-இல் குனூ என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன், 1989-இல் அதன் பொது உரிமப் பத்திரத்தை வெளியிட்டபோது, மென்பொருளை எவரும் எக்காரியத்திற்கும் உபயோகிக்கலாம் என்னும் சுதந்திரமே அதன் ஆதார தர்மமாயிற்று. 1998-இல் வகுக்கப்பட்ட திறந்த மூல மென்பொருளின் இலக்கணமும் எத்தொழிலையும் விலக்கலாகாதென விதித்தது. 2019-இல் எழுந்த ஹிப்போகிராட்டிக் உரிமமோ, மனித உரிமைகளை மீறுவோருக்கு மென்பொருளை மறுத்தது. அவ்வழியே, பூமியை வெப்பமுறச் செய்யும் தொழில்களையும் தடுக்கலாமே என்று சிந்திப்பது இயல்பே.

ஆயினும், 2007-இல் நாசாவின் கோடார்ட் ஆராய்ச்சி நிலையம் உலக வெப்பநிலையைக் கணிக்கும் தன் நிரலைப் பகிரங்கப்படுத்த, தன்னார்வலர்கள் அதனைப் பைதான் மொழியில் தெளிவுறத் திருத்தியெழுதி முடிவுகளைச் சரிபார்த்த வரலாற்றை நோக்குமிடத்து, சத்தியத்தை யாவரும் பரிசோதிக்க வாயில் திறந்துவிடும் உரிமமே பூமிக்கு மகத்தான சேவை புரிகின்றதென்பது என் திடமான நம்பிக்கை.